‘அன்பு இருந்தால் விட்டுவிடுங்கள்’ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டீர்கள். இனி என்ன செய்வது?

கேள்வி இது: “என் அப்பாவுக்கு 58 வயது. 35 ஆண்டுகளாகச் சிகரெட் பிடிக்கிறார். அம்மாவுக்கு ஆஸ்துமா. என் குழந்தைக்கு 2 வயது. எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். போன வாரம் பொறுக்க முடியாமல், ‘எங்கள் மேல் உண்மையாகவே அன்பு இருந்தால் இதை விட்டுவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சிகரெட்டும் குறையவில்லை. ‘இந்த வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது’ என்று அம்மாவிடம் சொன்னாராம். காலையில் விடாமல் இருமுகிறார். மருத்துவரிடம் வர மறுக்கிறார். குடும்பத்துக்காகவாவது அவரை விடவைக்க வழி உண்டா?”

உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன வாக்கியத்தில் இடறிய ஒரு சொல்லை முதலில் எடுத்துவிட வேண்டும். ‘இருந்தால்’ என்ற சொல். அது உங்கள் அப்பாவின் அன்பைத் தராசின் ஒரு தட்டிலும் சிகரெட்டை மறு தட்டிலும் வைத்துவிட்டது. அடுத்த முறை அவர் தீக்குச்சியை உரசும்போது தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீங்கள் பார்க்கிறீர்கள். அதைவிடக் கொடுமை, அவரும் பார்க்கிறார். உங்களுக்காக உயிரைக் கொடுக்கத் தயங்காத ஒரு மனிதர், ஒரு சிறு சுருளை விட முடியவில்லை என்பதற்காக அன்பில்லாதவராகிவிட்டார். இந்த அவமானத்தோடு அவர் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பார்?

நானும் இதைச் செய்திருக்கிறேன். புகைப்பழக்கத்தை விட விரும்புகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் இப்போது என் வேலை. அதற்கெல்லாம் வெகுகாலத்துக்கு முன்பு, 19 வயதில், என் அப்பாவின் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். அவர் திட்டவில்லை. வாளியில் மிதந்த பெட்டியைச் சற்று நேரம் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்; அரை மணி நேரத்தில் திரும்பினார். அன்றிலிருந்து பெட்டி சட்டைப் பையில் இருப்பதில்லை. எங்கே வைத்தார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அந்த ஒரு நாளில் நான் சம்பாதித்தது இவ்வளவுதான்: எங்கள் இருவருக்கும் நடுவே ஓர் ஒளிவுமறைவு.

பல ஆண்டுகள் கழித்து, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த ஒரு மாலையில், “முதல் சிகரெட்டை எப்போது பிடித்தீர்கள், அப்பா?” என்று கேட்டேன். உள்நோக்கம் எதுவும் இல்லாமல் வாயில் வந்த கேள்விதான். அவர் வெகுநேரம் பேசினார். இரவுப் பணி, தூக்கம் கண்ணைச் சுழற்றும் இரண்டு மணி, பக்கத்து இயந்திரத்தில் நின்ற நண்பர் நீட்டிய சிகரெட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், இடையில் சாதாரணமாக ஒன்றைச் சொன்னார்: “நான்கு முறை விட்டுப் பார்த்தேன். உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தோற்றால் எப்படி உங்கள் முகத்தில் விழிப்பது?”

நான்கு முறையும் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ முடிந்துபோயிருக்கின்றன. எந்தெந்த ஆண்டு என்று கேட்டுக்கொண்டு நான் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். அதில் ஒரு முறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கதவைச் சற்று வேகமாகச் சாத்தியதற்கு அவர் கத்திய வாரம் அது. வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியவில்லை. மூன்றாம் நாள் மாலை அம்மா, “கொஞ்சம் வெளியே போய்க் காற்றாட நடந்துவிட்டு வாருங்கள், எங்களுக்காவது நிம்மதியாக இருக்கும்” என்றார். அப்பா போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது பழைய அப்பாவாக இருந்தார். நாங்கள் எல்லோரும் மூச்சுவிட்டோம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்று நாள் தனியாகப் போராடியவரின் கையில் சிகரெட்டைத் திருப்பிக் கொடுத்தது நாங்கள்தான்.

உங்கள் அப்பாவும் உங்களுக்குத் தெரியாமல் முயன்றிருக்கலாம். 35 ஆண்டு புகைத்தவர்களில் ஒரு முறையாவது விட்டுப் பார்க்காதவரை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன்.

அவர் ஏன் தோற்றிருப்பார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் குரல் தானாகவே மாறிவிடும். உள்ளே இழுத்த புகையிலிருக்கும் நிக்கோட்டின் சுமார் 20 வினாடிகளுக்குள் மூளையை எட்டுகிறது. ஊசியில் ஏற்றும் மருந்துகூட இத்தனை விரைவாகப் போய்ச் சேருவதில்லை. அங்கே அது டோப்பமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து ஒரு சிறு இதத்தைத் தருகிறது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். உடனே உடல் அடுத்ததைக் கேட்கத் தொடங்குகிறது. புகைப்பவர் ‘மனம் லேசாகிறது’ என்று சொல்வது பெரும்பாலும் முந்தைய சிகரெட் வடிந்ததால் வந்த பதற்றத்தை அடுத்த சிகரெட் தணிப்பதைத்தான். இரவு முழுவதும் நிக்கோட்டின் இல்லாமல் கிடந்த உடலுக்குக் காலையில் எழுந்ததும் அது வேண்டும். அதனால்தான் ஸ்வீடன் உளவியலாளர் கார்ல்-ஒலாவ் ஃபாகர்ஸ்ட்ரோம் வகுத்த அடிமைத்தன அளவுகோலில் முக்கியமான கேள்வி, ‘எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?’ என்பது. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் பிடிப்பு மிக வலுவானது என்று பொருள். உங்கள் அப்பாவைக் கவனித்துப் பாருங்கள்.

மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் மனவுறுதியை மட்டும் நம்பி விடுகிறவர்களில், ஒரு முயற்சியில் ஓராண்டு தாக்குப்பிடிப்பவர்கள் 100 பேருக்கு 3 முதல் 5 பேர்தான். அப்படியானால் மற்ற 95 பேருக்கும் குடும்பத்தின் மேல் அன்பில்லையா? இந்த எண்ணை நான் சந்திக்கும் எல்லா மகன்களிடமும் மகள்களிடமும் சொல்கிறேன். சொன்னதும் பலர் பேச்சற்றுப்போகிறார்கள்.

சரி, நாளைக்கு என்ன செய்வது? முதலில் மன்னிப்பு. “அப்பா, அன்று நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. உங்கள் அன்பில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பயத்தில் சொல்லிவிட்டேன்.” இத்தனையே போதும். இதன் வாலில் ‘ஆனால்’ என்று தொடங்கி இன்னொரு வாக்கியத்தைக் கட்டாதீர்கள். கட்டினால் மன்னிப்பு முன்னுரையாகிவிடும். அவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அன்றைக்குச் சிகரெட் பேச்சே வேண்டாம்.

சில நாள் கழித்து, அவர் அப்போதுதான் புகைத்து முடித்து வந்த வேளையாகவோ பரபரப்பில் இருக்கும் வேளையாகவோ இல்லாமல், தனியாக அகப்படும்போது கேளுங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம், கேள்வி கேளுங்கள் என்கிறேன். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் குடிப்பழக்கம் உள்ளவர்களோடு பணியாற்றிய அனுபவத்திலிருந்து 1983-ல் எழுதத் தொடங்கி, பிறகு ஸ்டீஃபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்தெடுத்த உரையாடல் முறை ஒன்று இருக்கிறது. அதன் அடிப்படை எளிமையானது. பழக்கத்தில் சிக்கியவரின் மனத்தில் ‘விட வேண்டும்’ என்ற குரலும் ‘வேண்டாம்’ என்ற குரலும் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன. நீங்கள் முந்திக்கொண்டு முதல் குரலின் வாதங்களையெல்லாம் பேசிவிட்டால் அவருக்கு எஞ்சுவது இரண்டாவது குரல்தான். பேசப்பேச அதுவே அவருக்குள் உறுதிப்படும். ‘இந்த வயதில் விட்டு என்ன’ என்று அவர் அம்மாவிடம் சொன்னது அப்படிப் பிறந்த வாதமாகத்தான் இருக்கும்.

நான் கையாளும் கேள்வி ஒன்றை உங்களுக்குத் தருகிறேன். “விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?” என்று கேளுங்கள். அவர் “மூன்று” என்பார். ‘மூன்றுதானா?’ என்று வாய் வரை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். “ஒன்று போடாமல் ஏன் மூன்று போட்டீர்கள்?” என்று கேளுங்கள். இப்போது அந்த இரண்டு மதிப்பெண்ணுக்கான காரணத்தை அவர்தான் சொல்லியாக வேண்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பார். உங்கள் அம்மா இரவில் இழுப்பு வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பார். குழந்தையைத் தூக்கும் முன் கையைக் கழுவ வேண்டியிருக்கிறது என்பார். குடும்பத்துக்காக என்ற காரணம் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது, பார்த்தீர்களா? நீங்கள் சொன்னபோது குற்றச்சாட்டாக ஒலித்த அதே காரணத்துக்கு, அவர் சொல்லும்போது வேறு வலிமை இருக்கிறது. அதைக் கேட்டதும் பாய்ந்துவிடாமல், “கையைக் கழுவிவிட்டுத்தான் தூக்குகிறீர்களா? நான் கவனித்ததே இல்லை, அப்பா” என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி நிறுத்துங்கள். மௌனம் வந்தால் வரட்டும்.

குழந்தையைத் தூது அனுப்பாதீர்கள். ‘தாத்தா, சிகரெட் பிடிக்காதே’ என்று மழலையில் சொல்லப் பழக்குவது பலருக்கும் அழகாகத் தோன்றுகிறது. அந்த வாக்கியம் தாத்தாவைக் குழந்தையிடமிருந்து ஒளிந்துகொள்ளத்தான் வைக்கும்.

வீட்டுக்குள் புகை வருவது தனிக் கேள்வி. அவர் விட முடிவெடுக்கும் வரை அதற்காகக் காத்திருக்கக் கூடாது. அவர் பழக்கத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் அவர்; வீட்டுக் காற்றைப் பற்றிச் சொல்ல அதே வீட்டில் மூச்சுவிடும் எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. 1981-ல் ஜப்பானின் தகேஷி ஹிராயாமா, புகைக்காத 91,540 மனைவிமாரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வை வெளியிட்டார். கணவர் அதிகம் புகைத்த வீடுகளில், வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. புகையிலைத் தொழில் அதை மறுத்துப் பார்த்தது. பின்னால் வந்த ஆய்வுகள் ஹிராயாமாவின் பக்கமே நின்றன. அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை, பிறர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று எதுவும் இல்லை என்றே சொல்லிவிட்டது. சன்னலைத் திறந்து வைப்பதோ மின்விசிறியைச் சுழலவிடுவதோ வேறு அறைக்குப் போவதோ போதாது. சிகரெட்டின் எரியும் முனையிலிருந்து நேராக எழும் புகை எந்த வடிகட்டியின் வழியாகவும் வருவதில்லை. அதுதான் அறையை நிரப்புகிறது. அடங்கிய பிறகும் அதன் நச்சு திரைச்சீலையிலும் மெத்தையிலும் சட்டையிலும் படிந்திருக்கிறது. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு அது நேராக உள்ளே போகும். சிறு குழந்தைகளுக்குக் காது நோய்த்தொற்று, மார்ச்சளி, நிமோனியா, ஆஸ்துமா ஆகியவை புகைக்கும் வீடுகளில் கூடுதலாக வருவதற்கு இவைதான் காரணம். உங்கள் அம்மாவின் ஆஸ்துமாவைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால், “நீங்கள் விடுவதும் விடாததும் உங்கள் முடிவு, அப்பா. வீட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் மட்டும் யாரும் புகைக்க வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாமா? விருந்தாளிகளுக்கும் சேர்த்துத்தான்” என்று கேளுங்கள். யாரும் என்று பொதுவாகச் சொல்வதால் குற்றம் அவர் தலையில் விழாது. ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே போக வேண்டியிருந்தால் எண்ணிக்கையும் தானாகக் குறையும். புகையில்லா வீட்டில் வாழும் புகைப்பவர்கள் விட முயல்வதும் விட்டபின் நிலைப்பதும் அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தி.

‘இந்த வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது’ என்பதற்கு நல்ல பதில் இருக்கிறது. பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1951-ல் தொடங்கி 34,439 ஆண் மருத்துவர்களைக் கவனித்தார்கள். 50 ஆண்டு முடிவு 2004-ல் வெளிவந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகச் சுமார் 10 ஆண்டு ஆயுளை இழந்திருந்தார்கள். 30 வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய அந்தப் பத்தையும் மீட்டார்கள். 40-ல் விட்டவர்களுக்கு 9, 50-ல் விட்டவர்களுக்கு 6, 60-ல் விட்டவர்களுக்கு 3 ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. உங்கள் அப்பா 60-ஐ நெருங்குகிறார். மூன்று ஆண்டு என்றால் உங்கள் குழந்தையின் கணக்கில் எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள். வெறும் ஆயுள் கணக்கு மட்டும் இல்லை இது. விட்ட ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு இறங்குகிறது. ஓராண்டில், புகையால் வந்த கூடுதல் இதயநோய் ஆபத்து பாதியாகிறது.

‘ஒரு பெட்டியிலிருந்து மூன்று சிகரெட்டாகக் குறைத்துவிட்டேனே’ என்று அவர் சொன்னால் பாராட்டுங்கள். அங்கேயே நின்றுவிட மட்டும் உடன்படாதீர்கள். 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு ஏறும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருந்தது. இதயத்தின் கணக்கு சிகரெட் எண்ணிக்கையோடு நேர்க்கோட்டில் இறங்குவதில்லை.

அவர் ‘பார்க்கலாம்’ என்று சொல்லும் நாள் வரும். அன்றைக்கே பெட்டியைப் பிடுங்கிவிடாமல், இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதியை அவரே குறிக்கட்டும். அந்த இடைவெளியில் மருத்துவரைப் பார்த்து மருந்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த இடத்தில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். மருந்து எடுத்துக்கொள்வது தோல்வி என்று பலர் நினைக்கிறார்கள், அப்பாக்கள் மற்றவர்களைவிட அதிகமாக. நிக்கோட்டின் சூயிங்கம் பிறந்த கதையை என் அப்பாவிடம் சொன்னது இந்த எண்ணத்தைக் கரைக்கத்தான். 1967-ல் ஸ்வீடனில் கிளாஸ் லுண்ட்கிரென் என்ற ஆய்வாளர், ஒரு மருந்து நிறுவனத்தில் இருந்த தம் நண்பர் ஓவெ ஃபெர்னோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறிச் சமாளிக்கிறார்கள் என்பது அவர் கண்டது. அப்படியானால் உடல் கேட்பது புகையை அல்ல, நிக்கோட்டினை. ஃபெர்னோ தாமே கடும் புகைப்பழக்கம் உள்ளவர். அந்தக் கடிதத்திலிருந்து வளர்ந்த சூயிங்கம் 1978-ல் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் நிக்கோட்டின் மாற்று மருந்துகளை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. கடலுக்கடியில் இருக்கும் மாலுமிகளுக்கே தேவைப்பட்ட உதவி நமக்குத் தேவைப்படக் கூடாதா?

புற்றுநோயை உண்டாக்குவது புகையிலுள்ள தாரும் அதனோடு வரும் ஏறத்தாழ 70 நச்சுப் பொருட்களும்தான். நிக்கோட்டின் மனிதரைக் கட்டிப்போடும் கயிறு. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையிலும் சூயிங்கத்திலும் அந்தக் கயிறு மட்டும் மெதுவாகத் தளர்த்தப்படுகிறது. இவை வெற்றி வாய்ப்பை 50 முதல் 60 விழுக்காடு வரை உயர்த்துகின்றன. பட்டையையும், ஏக்கம் எழும் வேளையில் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பலன் இன்னும் கூடும். வரெனிக்லின் என்ற மாத்திரை வாய்ப்பை இரண்டு மடங்குக்கும் மேலாக்குகிறது. புப்ரோபியான் என்ற மாத்திரையும் உண்டு. எது பொருந்தும் என்பதை, அவருக்கு இருக்கும் மற்ற நோய்களைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். சூயிங்கத்தைப் பற்றி ஒரு சிறு செய்தி: அதை மிட்டாய்போல விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும்; ‘எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். சில முறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தின் ஓரம் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியபின் மறுபடி மெல்ல வேண்டும்.

காபியைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். புகையிலுள்ள சில பொருட்கள் காஃபினை உடல் விரைவாகச் சிதைக்கும்படி செய்கின்றன. சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, வழக்கமாகக் குடிக்கும் அதே காபி இரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு காஃபினைத் தேக்கிவிடும். படபடப்பும் தூக்கமின்மையும் அதனாலும் வரலாம். அவரோ சிகரெட்டை விட்டதால்தான் என்று எண்ணி மறுபடி பற்றவைப்பார். விடும் நாளிலிருந்து காபியைப் பாதியாக்கச் சொல்லுங்கள். இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், சில மனநல மருந்துகள் போன்றவற்றின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். எந்த மருந்து சாப்பிடுகிறவரானாலும் விடும் தேதியை மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

தேதி வந்ததும் படிப்படியாகக் குறைப்பதைவிட ஒரேயடியாக நிறுத்துவது மேல். பிரிட்டனில் நடந்து 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நான்கு வார முடிவில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 விழுக்காட்டினரும், இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியவர்களில் 39 விழுக்காட்டினரும் நிலைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு வரும் முதல் வாரம் உங்களுடையது, அதாவது குடும்பத்தினுடையது. எரிச்சல், தூக்கமின்மை, பசி, எதிலும் மனம் நிலைக்காமை ஆகிய எல்லாம் முதல் மூன்று நாளில் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு வாரத்தில் அடங்கிவிடும். அவர் கதவை அறையலாம். குழந்தையின் அழுகைக்குச் சீறலாம். அந்த நேரத்தில் வீட்டிலுள்ள யாரும், யாருமே, ‘இதற்கு நீங்கள் பேசாமல் சிகரெட்டே பிடித்திருக்கலாம்’ என்று சொல்லிவிடக் கூடாது. இதை அம்மாவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். “இந்த மூன்று நாள் அவர் என்ன சொன்னாலும் அது நிக்கோட்டின் பேசுகிறது, அப்பா பேசவில்லை” என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை அந்த நாட்களில் சற்று அதிகமாக நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய முடிவுகள், பணக் கணக்கு, பழைய மனத்தாங்கல் எதையும் அந்த வாரம் எடுக்காதீர்கள்.

ஏக்கம் ஓர் அலைபோல எழுந்து சில நிமிடங்களில் தணியும். அந்தச் சில நிமிடங்களுக்குக் கைக்கு ஒரு வேலையும் பக்கத்தில் ஒரு துணையும் இருந்தால் பெரும்பாலும் கடந்துவிடலாம். என் அப்பா ஒரு பென்சிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சிகரெட் பெட்டி இருந்த அதே பையில். ஏக்கம் வரும்போதெல்லாம் அதை எடுத்து இரு விரலுக்கு நடுவே உருட்டுவார். நான் எதுவும் கேட்காமல் அவரோடு சேர்ந்து வாசல் வரை நடப்பேன். ஐந்தாவது முயற்சி அது. தேதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தோளில் பட்டை இருந்தது. நின்றது.

அவர் சட்டையை மோந்து பார்க்காதீர்கள், பையைத் துழாவாதீர்கள். சாம்பல் கிண்ணத்தையும் தீப்பெட்டியையும் அவர் கையாலேயே எடுத்துப் போடட்டும். வீட்டில் வேறு யாராவது, உங்கள் அண்ணனோ தம்பியோ, ஏன் நீங்களோகூட, புகைப்பவராக இருந்தால் சேர்ந்தே விடுங்கள். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் மக்களை வைத்து 2008-ல் வெளிவந்த ஆய்வில், உடன்பிறந்தவர் விட்டால் மற்றவர் புகைப்பவராக இருக்கும் வாய்ப்பு 25 விழுக்காடும், வாழ்க்கைத்துணை விட்டால் 67 விழுக்காடும் குறைந்தது.

இடையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டார் என்று தெரிந்தால் வீடு இடிந்ததுபோல உட்காராதீர்கள். “எந்த நேரத்தில் வந்தது, அப்பா? யாரோடு இருந்தீர்கள்?” என்று கேளுங்கள். தூண்டியது எது என்று தெரிந்தால் அடுத்த முறை அதற்கு ஒரு தடுப்பு வைக்கலாம். ஒன்று பிடித்ததற்காகப் பட்டையைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. மறுநாளுக்கு ஒத்திப்போடாமல் அப்போதே மீண்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

இதைப் படிப்பவர்களில் சிலருக்கு அம்மா புகைப்பவராக இருக்கலாம். அவர்களுக்கு ஒரு சொல். புகைக்கும் தாயை உலகம் தந்தையைவிட இரு மடங்கு தூற்றுகிறது. அதனால் அவர் மருத்துவரிடம்கூட மறைக்கிறார். மறைப்பதால் உதவியும் கிடைப்பதில்லை. அவரிடம் பேசும்போது குழந்தைகளைக் காட்டிக் குற்றவுணர்வைத் தூண்டாதீர்கள், அது ஏற்கெனவே அவருக்குள் நிரம்பிக் கிடக்கிறது. “யாருக்கும் சொல்ல மாட்டேன், மருத்துவரிடம் நான் கூட வருகிறேன்” என்று சொல்லுங்கள்.

கடைசியாக அந்த இருமல். இதற்கு மட்டும் அவர் மனம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். ‘சிகரெட்டை விடச் சொல்வார்கள்’ என்று பயந்துதான் அவர் மருத்துவரைத் தவிர்க்கிறார் என்று நினைக்கிறேன். “சிகரெட் பேச்சுக்காக இல்லை, இருமலுக்காக மட்டும் போவோம்” என்று சொல்லுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். மூச்சை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர் சோதனை செய்ய முடிந்தால், முடிவை ‘நுரையீரல் வயது’ ஆக, அதாவது அவர் நுரையீரல் எந்த வயதுக்காரரின் நலமான நுரையீரலைப்போல வேலை செய்கிறது என்ற கணக்காக, மருத்துவரே அவரிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். 2008-ல் பிரிட்டனில் நடந்த ஒரு சோதனையில், நுரையீரல் வயது சொல்லப்பட்டவர்களில் ஓராண்டுக்குப் பின் 13.6 விழுக்காட்டினர் விட்டிருந்தார்கள். வெறும் அளவை மட்டும் பெற்றவர்களில் 6.4 விழுக்காட்டினர்தான். இருமல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வழக்கமான இருமலின் தன்மை மாறியிருந்தாலோ, சளியில் இரத்தம் தெரிந்தாலோ, குரல் கம்மிப்போய்த் திரும்பாவிட்டாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, நெஞ்சில் வலி இருந்தாலோ, இந்த வாரமே அழைத்துப் போங்கள். சளியில் இரத்தம் என்றால் இன்றைக்கே.